காட்பாடியில் ஏறி, சென்ட்ரலில் பூமிக்கடியில் இறங்கி: முதல்முறை மெட்ரோவில் போகும் வேலூர்க்காரர்களுக்கு

கணியம்பாடியில் இருக்கும் என் சித்தி ஒருநாள் போன் செய்தார். நிலத் தகராறு ஒன்று மேல்முறையீட்டுக்குப் போய், வக்கீல் அவரைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருந்தார். “சென்ட்ரல்ல இறங்கினா அங்கருந்து ஆட்டோவுக்கு எவ்ளோ கேப்பான்?” என்று கேட்டார். ஆட்டோவே வேண்டாம் சித்தி, ஒரே ஒரு ஸ்டேஷன்தான், பூமிக்கடியில் மெட்ரோ போகிறது, பத்து ரூபாய் டிக்கெட் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “பூமிக்கடியிலயா? நான் வரலப்பா” என்றார்.

சித்தியைப் போல நினைக்கிற ஆட்கள் நம் பக்கத்தில் நிறைய. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் வரை கண்ணை மூடிக்கொண்டு போவார்கள். சென்ட்ரல் வாசலில் நின்றதும், எங்கே கீழே இறங்குவது, எந்த ரயிலில் ஏறுவது, தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று தயங்கி, ஆட்டோவுக்கு முன்னூறு ரூபாய் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சித்தியையும் அம்மாவையும் நானே கூட்டிக்கொண்டு போய்வந்த அனுபவத்தில் எழுதுவதால், எந்த இடத்தில் கால் தயங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுரங்கத்துக்குள் வழி தவறுகிறவர்கள் பெரும்பாலும் மேலேயே முடிவு செய்யாமல் இறங்கியவர்கள்தான். எந்த நிறப் பாதை, எந்தத் திசை, எந்த நிலையம் என்ற மூன்றையும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேலையைப் போர்டுகள் பார்த்துக்கொள்ளும்.

காட்பாடியிலிருந்து கிளம்பும்போது

பாகாயம், தொரப்பாடி, பழைய பஸ் நிலையம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 1, 2 எண் டவுன் பஸ் காட்பாடி வரை வரும். அதிகாலையில் பஸ் கிடைக்காவிட்டால் ஷேர் ஆட்டோ உண்டு. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகள் அதற்கு மேலும் எடுக்கும்.

முன்பதிவு இல்லாத டிக்கெட் எடுப்பவர்கள், கவுன்ட்டரில் ஊர்ப் பெயரோடு எந்த வண்டியில் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சூப்பர் பாஸ்ட் வண்டிக்குத் தனிக் கட்டணம் சேரும். அது இல்லாத டிக்கெட்டோடு ஏறிவிட்டால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிகளில் சீசன் டிக்கெட்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். வயதானவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், முன்பதிவு செய்த உட்கார்ந்து போகும் இருக்கை உள்ள வண்டியாகப் பாருங்கள். அந்தக் கூடுதல் பணம் வீணாகாது.

வேலூர் கன்டோன்மென்ட் வழியாகக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024-இல் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்களே, அந்த வண்டிதான். அது சென்ட்ரலுக்குள் வராது, நேராகச் சென்னைக் கடற்கரைக்குப் போய்விடும். அங்கிருந்து மெட்ரோ பிடிக்க மண்ணடிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். அல்லது புறநகர் ரயிலில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சென்ட்ரல் மெட்ரோவுக்கு வரலாம். பாரிமுனைப் பக்கம் வேலை இருப்பவர்களுக்கு இந்த வண்டி நல்ல வசதி. மற்றவர்கள் சென்ட்ரல் வண்டியிலேயே போவது நல்லது.

போகிற வழியில் வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து இந்த வாலாஜாவுக்குத்தான் வந்தது. வட ஆற்காட்டு மண்ணில்தான் ரயில் முதலில் வந்து நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒரு சுரங்க ஸ்டேஷனைப் பார்த்துத் தயங்க வேண்டுமா?

கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையில் மெட்ரோ 2015 ஜூன் 29-இல் ஓடத் தொடங்கியது. அப்போது கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே, முழுக்கத் தூண்களின் மேல். பூமிக்கடியில் முதல் ரயில் ஓடியது 2017 மே 14-இல், திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை. அடுத்த ஆண்டு மே 25-இல் அந்தப் பாதை சென்ட்ரல் வரை வந்து சேர்ந்தது. இன்னொரு பாதை, அண்ணா சாலைக்கு அடியில் வருவது, 2019 பிப்ரவரி 10-இல்தான் சென்ட்ரலை எட்டியது. அன்றைக்குத்தான் சென்ட்ரல் இரண்டு பாதைகளும் சந்திக்கிற நிலையமாக முழுமையானது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்ட்ரலுக்கு அடியில் இருப்பது ஒரு ரயில் பாதை மட்டும் என்று நினைத்து இறங்குவதால்தான் குழப்பம். இருப்பவை இரண்டு. ஒன்று பச்சை, இன்னொன்று நீலம். இரண்டும் வெவ்வேறு ஆழத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே தப்பான தளத்துக்கு இறங்கிவிட்டால், எதிர்ப் பக்கத்தில் நின்று ஏற முடியாது. மறுபடி படியேறித் தளம் மாற வேண்டும்.

பச்சைப் பாதை சென்ட்ரலில்தான் தொடங்குகிறது. ஆகவே அதில் திசைக் குழப்பமே கிடையாது. எந்தப் பக்கம் நிற்கிற ரயிலில் ஏறினாலும் எழும்பூர், கீழ்ப்பாக்கம், ஷெனாய் நகர், அண்ணா நகர், திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர், ஆலந்தூர் என்றுதான் போகும். பாதை பரங்கிமலையில் முடிகிறது.

நீலப் பாதை சென்ட்ரலைக் கடந்து போகிறது. இங்கேதான் கவனம் வேண்டும். ஒரு பக்கம் விம்கோ நகர் போகும்: உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் அந்தத் திசை. இன்னொரு பக்கம் விமான நிலையம்: அரசினர் தோட்டம், எல்ஐசி, ஆயிரம் விளக்கு, ஏஜி-டிஎம்எஸ், தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி, ஆலந்தூர், மீனம்பாக்கம்.

நான் முதல்முறை போனபோது உயர் நீதிமன்றத்துக்கு என்று கிளம்பி, கூட்டம் போன பக்கமே போய்ப் பச்சையில் ஏறிவிட்டேன். கதவு சாத்திய பிறகு “அடுத்த நிலையம் எழும்பூர்” என்று அறிவிப்பு வந்தது. எழும்பூரில் இறங்கி, கேட்டைத் தாண்டாமலேயே எதிர் ரயிலில் ஏறித் திரும்பி வந்தேன். பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, கால் மணி நேரம் போனது. ஆனால் பதினோரு மணிக்கு வழக்கு இருப்பவருக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். அடுத்த நிலையத்தில் இறங்குங்கள், வெளியே போகாதீர்கள், எதிர்த்திசை ரயிலில் ஏறுங்கள்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகிற சில இடங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வழக்கு வேலை என்றால் நீலம், விம்கோ நகர் திசை, முதல் நிலையம். ஓமந்தூரார் அரசு மருத்துவமனை என்றால் நீலம், விமான நிலையத் திசை, முதல் நிலையமான அரசினர் தோட்டம். தென்மாவட்ட ரயிலுக்காக எழும்பூர் மாற வேண்டுமென்றால் பச்சை, முதல் நிலையம். வடபழனி முருகன் கோயிலுக்கும் பச்சைதான். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு, அதாவது நாம் ஜி.எச். என்று சொல்லும் இடத்துக்கு, ரயிலே வேண்டாம். சென்ட்ரலுக்கு நேரெதிரே இருக்கிறது. சாலையில் ஓடிக் கடக்காமல் சுரங்கப்பாதையில் போனால் போதும்.

இறங்கும் முறை

சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கியதும் கூட்டத்தோடு வாசலுக்கு வாருங்கள். பையைப் பிடித்து இழுக்கிறவர்கள், “எங்க போகணும் சார்” என்று கூடவே நடக்கிறவர்கள் யாருக்கும் நின்று பதில் சொல்லாதீர்கள். மெட்ரோ போர்டைப் பார்த்து நடங்கள். நிலையத்தின் முழுப் பெயர் ‘புரட்சித்தலைவர் டாக்டர் எம்.ஜி.இராமச்சந்திரன் சென்ட்ரல் மெட்ரோ’ என்று நீளமாக இருக்கும். ரயில் நிலையத்தின் பெயரும் அதேதான். ஆகவே ‘மெட்ரோ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி, நகரும் படிக்கட்டு, லிஃப்ட் மூன்றும் உண்டு. நகரும் படிக்கட்டுதான் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பெரிய சோதனையாக இருந்தது. அம்மா அதன் முன்னால் நின்று நின்று பின்வாங்கினார். நான் கற்றுக்கொண்டது இது: கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பக்கத்தில் ஓரமாக நின்று நாலைந்து பேர் ஏறுவதைப் பார்க்க விட வேண்டும். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி இடது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். வலது கையைக் கைப்பிடியில் வைத்து, ஒரு படியின் நடுவில் கால் வைத்து, ஆடாமல் நிற்க வேண்டும். இறங்குமிடத்தில் படிகள் தட்டையாகும்போது முன்னால் ஒரு எட்டு எடுத்து வைத்து, அங்கேயே நின்றுவிடாமல் நகர்ந்துவிட வேண்டும், பின்னால் ஆட்கள் வருவார்கள். முட்டிவலிக்காரர்களும் தலைச்சுற்றல் இருப்பவர்களும் லிஃப்டில் போவதே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

கீழே முதலில் வருவது டிக்கெட் தளம். இங்கே ரயில் கிடையாது. பைகளை ஸ்கேன் இயந்திரத்தில் போட்டு எடுக்க வேண்டும். மாத்திரைப் பெட்டி, சாப்பாட்டு டப்பா எல்லாம் கொண்டுபோகலாம், ஆனால் ரயிலுக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கட்டுசாதம் எடுத்துப் போகிறவர்கள் மேலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

டிக்கெட்டுக்குக் கவுன்ட்டரில் போய் இறங்கும் நிலையத்தின் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் சொன்னால் போதும். கியூஆர் கோடு அச்சிட்ட ஒரு தாள் தருவார்கள். 2021 பிப்ரவரியில் குறைத்து நிர்ணயித்தபடி குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இரண்டு கிலோமீட்டருக்குள் 10, ஐந்துக்குள் 20, பன்னிரண்டுக்குள் 30, இருபத்தொன்றுக்குள் 40, அதற்கு மேல் 50. கைபேசியில் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் குறையும். மாதம் இரண்டு மூன்று தடவை வருகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளலாம், மாநகரப் பேருந்திலும் அது செல்லும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குத் தாள் டிக்கெட்டே போதும், அட்டையில் பணம் முடங்கிக் கிடக்க வேண்டாம்.

அடுத்தது கேட். தாளில் இருக்கும் கியூஆர் கோடு கேட்டின் கண்ணாடியைப் பார்க்கும்படி வைத்தால் கேட் திறக்கும். ஒருவர் போனதும் மூடிவிடும், ஆகவே ஒட்டிக்கொண்டு இரண்டு பேர் நுழையாதீர்கள். வயதானவர்களை முன்னால் விட்டு, அவர்களுக்காக நீங்களே தாளைக் காட்டுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம்: அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியே போகும்போதும் அதைக் காட்டினால்தான் கேட் திறக்கும். அம்மா அதைச் சுருக்குப்பையில் மடித்து வைத்திருந்தார், கோடின் நடுவில் மடிப்பு விழுந்து கேட் படிக்க மறுத்தது. பக்கத்தில் நின்ற ஊழியர் பெண் வாங்கி நீவிக் காட்டித் திறந்துவிட்டார். மடிக்காமல் வைத்திருங்கள்.

கேட்டைத் தாண்டியதும் நில்லுங்கள். சட்டைப்பையில் இருக்கும் சீட்டை எடுங்கள். எந்த நிறம்? மேலே தொங்கும் போர்டில் அந்த நிறக் கோடும் ரயில் முடியும் ஊரின் பெயரும் தமிழில் இருக்கும். அதைப் பார்த்து மட்டும் இறங்குங்கள்.

பிளாட்பாரத்தில் தண்டவாளமே கண்ணில் படாது. தரையிலிருந்து மேல்வரை கண்ணாடித் தடுப்பு இருக்கும். ரயில் வந்து நின்றதும் தடுப்புக் கதவும் ரயில் கதவும் சேர்ந்து திறக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்லவே வேண்டாம். நம் காட்பாடி பிளாட்பாரத்தில் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி இங்கே நிற்க வேண்டியதில்லை. இறங்குகிறவர்களுக்கு வழி விட்டு, பிறகு ஏறுங்கள். கதவு சில நொடிகள்தான் திறந்திருக்கும். மணி ஒலிக்கத் தொடங்கிவிட்டால் ஓடி நுழையாதீர்கள். கூட வந்தவர் ஏறி நீங்கள் வெளியே நின்றுவிட்டால் அவர் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும், நீங்கள் அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பெட்டிகள்தான், அதில் ஒன்று பெண்களுக்கு. சித்தி அதில்தான் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, “கோட்டைலருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போவுதுன்னு எங்க பாட்டி சொல்லும். அது இப்டிதான் இருக்கும்போல” என்றார். வேலூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை அது. பக்கத்திலிருந்த பெண், அது எந்தக் கோட்டை என்று கேட்க, உயர் நீதிமன்ற நிலையம் வருவதற்குள் சித்தி பாதிக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

வெளியே வருவது

ஏறுவதைவிட வெளியே வருவதில்தான் நேரம் வீணாகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் பல வாசல்கள் உண்டு, ஏ1, பி2 என்று எழுத்தும் எண்ணுமாகப் பெயர் போட்டிருப்பார்கள். தப்பான வாசலில் ஏறினால் அண்ணா சாலையின் எதிர்ப்பக்கம் போய் நிற்பீர்கள், கடப்பதற்குள் வெயிலில் வெந்துபோவீர்கள். டிக்கெட் தளத்துக்கு வந்ததும், எந்த வாசல் எந்த இடத்துக்குப் போகிறது என்ற போர்டு இருக்கும், அதைப் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால், சீருடையில் நிற்பவரிடம் ‘எந்த கேட்’ என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் மரியாதையாகவே சொன்னார்கள்.

விமானம் ஏறப் போகிறவர்களுக்கு

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிற தம்பிகள் நிறைய. அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சென்ட்ரலிலிருந்து நீலப் பாதையில் உட்கார்ந்தால் நேராக விமான நிலையம், எங்கும் மாற வேண்டாம். ஆனால் மெட்ரோ காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரைதான். விடியற்காலை மூன்று மணிக்கு விமானம் என்றால், இரவே பத்து மணிக்குள் மெட்ரோ ஏறி, விமான நிலையத்தில் காத்திருப்பதுதான் வழி. அதேபோல் நடு இரவில் வந்து இறங்குகிறவர்கள், அவசரமில்லை என்றால், 5 மணி வரை உள்ளேயே உட்கார்ந்துவிட்டு முதல் மெட்ரோவில் சென்ட்ரலுக்கு வந்து காட்பாடி வண்டி பிடியுங்கள். பெரிய பெட்டி இரண்டு மூன்றோடு, கூட வழியனுப்ப நாலு பேரோடு போவதென்றால் மெட்ரோ ஒத்துவராது. வேன் வைத்துக்கொண்டு போங்கள், அந்தச் செலவு நியாயமானது.

பஸ்ஸில் வருகிறவர்கள் பூந்தமல்லி வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகிறீர்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஒரு பாதை வருகிறது. பனகல் பூங்கா, திருமயிலை பக்கம் அதுவும் பூமிக்கடியில்தான். தி.நகருக்குத் துணி எடுக்கப் போகும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும் என்று நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது

சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கியதும் காட்பாடி ரயிலுக்கே வந்துவிட்ட மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஆழத்திலிருந்து மேலே வந்து, பெரிய ஸ்டேஷனுக்குள் நுழைந்து, உங்கள் வண்டி நிற்கும் பிளாட்பாரத்தைக் கண்டுபிடித்து, பெட்டி வரை நடப்பதற்கு அரை மணி நேரம் ஆகும். டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் இன்னும் கால் மணி. காட்பாடி போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெரிய கட்டடத்திலிருந்து கிளம்பும். பக்கத்திலிருக்கும் மூர் மார்க்கெட் கட்டடம் புறநகர் ரயில்களுக்கு. அரக்கோணம் லோக்கல் அங்கேதான் நிற்கும். வழி கேட்கும்போது “காட்பாடி எக்ஸ்பிரஸ்” என்று சேர்த்தே கேளுங்கள்.

இரவு வண்டியில் வருகிறவர்கள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காட்பாடியில் வண்டி சில நிமிடங்கள்தான் நிற்கும். முகுந்தராயபுரம் தாண்டிப் பொன்னையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது சக்கரச் சத்தம் மாறும். அதைக் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக் கதவுப் பக்கம் நகருங்கள். கூட்டிப்போக வருகிறவருக்கு அப்போது போன் செய்தால், அவர் காட்பாடிக்கு வந்து சேரவும் வண்டி நிற்கவும் சரியாக இருக்கும்.